சமஸ்கிருதமா, தமிழா?

ஒரு நாட்டின் மொழி, வரலாறு, மெய்யியல், கலை எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் படிக்க ஒரு துறை. சரி, இந்தியா என்றால் எந்த மொழி? மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது எழுந்த கேள்வி இது. ஆலோசனை சொன்ன நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதம் என்றார். சோழர் வரலாற்றை எழுதிய மனிதர்! எனக்கு இன்னும் உறுத்துகிறது.

'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி விடுவாரா? 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பால்மரம் வெட்டியவர்களும் காசு கொடுத்தார்கள். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியபோது தமிழே முதன்மை மொழியானது. பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது; தனிநாயகம் அடிகள் தலைவரானார்; 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடும் இங்கேதான்.

பெயரில் இந்தியா, உள்ளே தமிழ். பொருந்தவில்லையே என்பார்கள். பொருந்தாதுதான், காசு கொடுத்தவர்கள் அவர்களுக்குத் தெரிந்த இந்தியாவைக் கேட்டார்கள்.