ஒடுக்கமும் ஓட்டமும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சில நாட்கள் முன்பு, இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு மாணவி ஒருவர் விடுப்பு விண்ணப்பத்துடன் நம்முன் வந்து நின்றார். காரணம் கேட்டிருந்த இடத்தில் 'சிறுவர் ஞான ஒடுக்கம் நடத்துவதற்காக' என்று எழுதியிருந்தார். "கலந்துகொள்வதற்கா, நடத்துவதற்கா?" என்று கேட்டோம். "நடத்தத்தாங்கய்யா. எங்க பங்குல இளைஞர் குழுவுல அஞ்சு பேர் சேர்ந்து, மூணாம் வகுப்புல இருந்து ஏழாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு ரெண்டு நாள் நடத்துறோம்" என்றார்.

கையொப்பமிட்டுக் கொடுத்த பிறகும் அவர் நகரவில்லை. பையிலிருந்து அட்டை கிழிந்த குறிப்பேடு ஒன்றை எடுத்தார். முன்னர் ஒடுக்கம் நடத்திய அண்ணன்மார், அக்காமாரிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்த ஏடு அது. இரண்டாம் நாள் பிற்பகலுக்கென்று அதில் ஒரு கதை இருந்தது. குடித்தே செத்த தகப்பன் ஒருவன் நரக நெருப்பில் நின்றபடி தன் பிள்ளைகளை அழைத்துக் கதறுகிறான். "எங்க தெருப் பையன் ஒருத்தனோட அப்பா போன வருஷம் இப்படித்தான்யா இறந்தாரு. அவனும் வர்றான். இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆகணுமாய்யா?"

இலக்கியம் கற்பிக்கும் நம்மிடம் அதற்கு உடனடி விடை இல்லை. "நாளை வாருங்கள்" என்று அனுப்பிவிட்டு நூலகத்துக்குச் சென்றோம். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். 'ஒடுக்கம்' நமக்குப் புதிய சொல்லன்று. சைவத் திருமடங்களில் மடத்தலைவர் தனித்து உறையும் இடத்துக்கு ஒடுக்கம் என்றே பெயர். ஐம்பொறிகளையும் உள்ளே இழுத்துக்கொள்வதற்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டியதை 126-ஆம் குறளில் காணலாம். உலக அலுவல்களை விட்டுச் சில நாட்கள் விலகியிருந்து இறைவனை எண்ணும் கத்தோலிக்க வழக்கத்துக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் 'ஞான ஒடுக்கம்' என்று பெயரிட்டபோது, இம்மண்ணில் முன்பே பொருள் கனிந்திருந்த ஒரு சொல்லையே எடுத்தாண்டனர். இன்று பல பங்குகளில் 'தியானம்' என்ற பெயரே பெருவழக்கு.

இவ்வழக்கத்துக்கு இன்றைய வடிவம் தந்தவர்களுள் தலையானவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் பம்ப்ளோனா கோட்டைப் போரில் கால் முறிந்த படைவீரர். நோய்ப்படுக்கையில் மனம் மாறி, 1522-23-இல் மன்றேசா என்னும் ஊரில் தங்கித் தாம் பெற்ற பட்டறிவை எழுதத் தொடங்கினார். 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் அந்நூலுக்கு 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். நூலின் முதற்பகுதியில் நரகத்தைப் பற்றிய தியானமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நரகத்தைக் கண்ணால் காண்பதுபோல், காதால் கேட்பதுபோல், ஐம்புலன்களாலும் கற்பனை செய்யச் சொல்கிறது அது. குறிப்பேட்டுக் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது!

ஆயினும், அதே நூலின் முகப்பில் பயிற்சி தருவோருக்கான 20 குறிப்புகள் உள்ளன. இரண்டாம் குறிப்பு, தருபவர் சுருக்கமாகச் சொல்லி நிறுத்த வேண்டும், எஞ்சியதைப் பெறுபவர் தாமே கண்டடையட்டும் என்கிறது. பதினெட்டாம் குறிப்பு, பெறுபவரின் வயதையும் கல்வியையும் திறனையும் பார்த்தே பயிற்சியை அமைக்க வேண்டும் என்றும், ஒருவரால் தாங்கவியலாததை அவருக்குத் தரலாகாது என்றும் வரையறுக்கிறது.

இன்னொரு செய்தியும் நம்மை வியக்கவைத்தது. இஞ்ஞாசியார் இப்பயிற்சிகளைத் தொடக்கக் காலத்தில் பிறருக்குத் தந்துவந்தபோது அவர் குருவானவர் அல்லர். அல்கலா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த மாணவர். 'முறையாகப் படிக்காத நீ எந்த உரிமையில் ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறாய்?' என்பதே சமய அதிகாரிகளின் ஐயம். 1527-இல் 42 நாட்கள் சிறையில் வைத்தனர். மேலும் சில ஆண்டுகள் படிக்கும்வரை சமய நம்பிக்கை பற்றிப் பேசக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவர் குருப்பட்டம் பெற்றது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1537-இல்தான். ஆக, 'இளைஞர்களுக்கு இது தகுமா?' என்ற கேள்வி ஒடுக்கத்துடனேயே பிறந்த கேள்வி.

காலப்போக்கில் இப்பயிற்சி, பள்ளிச் சிறுவர்களைக் கூட்டமாக அமர்த்தி மேடையிலிருந்து முழங்கும் பிரசங்கமாகவும் மாறியது. அதன் விளைவை இலக்கியத்தில் காண விரும்புவோர், 1916-இல் நூலாக வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் 'இளைஞனாகக் கலைஞனின் உருவச்சித்திரம்' நாவலின் மூன்றாம் இயலைப் படிக்கலாம். டப்ளின் பள்ளியொன்றில் சவேரியார் நினைவாக நடக்கும் ஒடுக்கத்தில் நரகம் பற்றிய நெடும் பிரசங்கத்தைக் கேட்ட சிறுவன் நடுநடுங்கிப் போகிறான். அப்பிரசங்கம் பினமொந்தி என்ற இத்தாலியக் குருவானவர் 1688-இல் எழுதிய நரக நூலைத் தழுவியது என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஒரு குறிப்பேடு இருநூறு ஆண்டுகள் கைமாறி வந்தால் என்னாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சவேரியார் என்றதும் நம் முத்துக்குளித்துறை நினைவுக்கு வராமல் இராது. 1542-இல் அங்கு வந்த அவர், தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழில் கற்பித்தார். தாம் செல்லவியலாத நோயாளிகளின் வீடுகளுக்கு அச்சிறுவர்களையே அனுப்பினார். கற்றதை வீட்டில் பெற்றோருக்குக் கற்பிக்கச் சொன்னார். இவற்றையெல்லாம் கொச்சியிலிருந்து 1544 ஜனவரியில் வரைந்த மடலில் எழுதியிருக்கிறார். அதே மடலில், அச்சிறுவர்கள் வழிபாட்டு உருவங்களை உடைத்து இழிவுபடுத்தியதையும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். நோயாளிக்கு ஆறுதல் சொன்ன பிஞ்சுக் கைகளே அடுத்தவர் தெய்வத்தை உடைக்கவும் செய்தன. சிறுவர் மனத்தைக் கையாள்வது எத்துணைப் பொறுப்பான வேலை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

இனி, நாம் தேடிய விடை கிடைத்த இடத்துக்கு வருவோம். அது வட இத்தாலியின் துரின் நகரம். பிழைப்புத் தேடி நாட்டுப்புறங்களிலிருந்து வந்த சிறுவர்கள் கொத்தனாருக்குக் கையாளாகவும் புகைபோக்கி துடைப்பவராகவும் அலைந்த காலம். 1841-இல் குருப்பட்டம் பெற்ற யோவான் போஸ்கோ அவர்களைத் திரட்டினார். 1846 உயிர்த்தெழுதல் ஞாயிறன்று, பினார்தி என்பவரின் கொட்டகையில் அவர்களுக்கு நிலையான இடம் கிடைத்தது. 1847-இல் அவர் சிறுவர்களுக்கென வெளியிட்ட மன்றாட்டு நூலில், மாதம் ஒருநாள் செய்யத்தக்க 'நல்மரணப் பயிற்சி'யும் இருந்தது. ஆம், அவரும் சாவைப் பற்றிப் பேசினார். அவர் காலத்தின் மனிதர் அவர். ஆனால் அந்நாளில் அவருடைய இல்லத்துச் சிறுவர்களுக்குச் சிறப்பான காலையுணவு உண்டு! சாவை நினைக்கும் நாளும் அங்கே விருந்து நாளாயிற்று.

1854-இல் அங்கு வந்து சேர்ந்தான் தோமினிக் சாவியோ என்னும் 12 வயதுச் சிறுவன். அடுத்த ஆண்டு, புனிதராவது பற்றிய ஒரு பிரசங்கத்தைக் கேட்டபின் அவன் முகம் வாடிற்று. விளையாட்டைத் துறந்து ஒதுங்கினான். போஸ்கோ அவனை அழைத்து விசாரித்தார். மகிழ்ச்சியாக இரு, கடமைகளைச் செய், தோழர்களோடு தவறாமல் விளையாடு என்பதே அவர் சொன்ன மருந்து. 1859-இல் சாவியோவின் வரலாற்றை எழுதி வெளியிட்டபோது இதை அவரே பதிவுசெய்தார். ஒடுக்கம் ஓட்டத்தை நிறுத்துவதற்கன்று என்பது இதன் பொருள்.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் மாணவிக்கு உரிய வரலாறு. 1856 ஜூன் 8 அன்று அவ்வில்லத்து மாணவர்களே 'அமலோற்பவ சபை' என்ற சிறு குழுவை அமைத்தனர். தலைவரான மிக்கேல் ரூவாவுக்கு அப்போது 19 வயது நிறையவில்லை. உறுப்பினரான சாவியோவுக்கு 14. புதிதாக வந்த சிறுவனையும் முரட்டுச் சிறுவனையும் ஆளுக்கொருவராகப் பொறுப்பேற்று, உடன் விளையாடி, உடன் அமர்ந்து வழிப்படுத்துவதே அவர்கள் பணி. சாவியோ 1857-இல், 15 வயது நிறையுமுன் இறந்தான். 1859 டிசம்பர் 18 அன்று போஸ்கோவின் அறையில் 18 பேர் கூடிச் சலேசிய சபையை நிறுவியபோது, அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்களே. அச்சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கும் வந்து சேர்ந்தனர்.

மேடையில் நிற்பவருக்கும் கீழே அமர்ந்திருப்பவருக்கும் நாற்பது ஆண்டு இடைவெளி இருந்தால் பிரசங்கம் நடக்கும். பத்தாண்டு இடைவெளி மட்டும் இருந்தால், எதிரில் இருப்பவன் எந்தத் தெருப் பையன், அவன் வீட்டில் என்ன நடந்தது என்பது தெரிந்திருக்கும். இளைஞர்களின் தகுதி அவர்களின் கல்வியில் மட்டும் இல்லை, இந்த அறிதலிலும் இருக்கிறது. அக்கதையைக் கண்டு தயங்கிய நொடியிலேயே நம் மாணவி அத்தகுதியைப் பெற்றுவிட்டார் என்று நமக்குத் தோன்றியது.

மறுநாள் அவரிடம் இரண்டு செய்திகளை மட்டும் சொன்னோம்: பதினெட்டாம் குறிப்பு ஒன்று, சாவியோவின் வாடிய முகம் மற்றொன்று. "முடிவு உங்களுடையது" என்றோம்.

விடுமுறை கழிந்து மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்தபோது, நடந்ததைச் சொன்னார். இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் பிள்ளைகளை ஓடியாட விட்டார்களாம். களைத்து வந்தவர்களை வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் பேசாமல் இருக்கச் செய்து, யாருக்கு வேண்டுமானாலும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார்களாம். அந்தப் பையனும் எழுதினான். யாருக்கு என்று இவர் கேட்கவில்லை. அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி விளையாடப் போய்விட்டான்.

"அந்தக் குறிப்பேட்டை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"அடுத்த வருஷம் நடத்துற தம்பிகிட்ட குடுத்துட்டேன்யா. கதையைக் கிழிக்கல. பக்கத்துல மட்டும் எழுதி வச்சிருக்கேன், 'முதல்ல வந்திருக்கிற பிள்ளைகள் யார் யார்னு பாரு' அப்படின்னு."