சிலையும் நெருப்புக்குச்சிச் சிறுமியும்: ஒஸ்கார் வைல்டின் சிறுவர் கதையொன்றில் முரண்நகை

ஒஸ்கார் வைல்டின் 'மகிழ்ச்சியான இளவரசன்', 1888 மே மாதத்தில் வெளிவந்த சிறுவர் கதைத் தொகுதியின் தலைப்புக் கதையாகும். பொன் தகடு போர்த்த இளவரசன் சிலையும் எகிப்துக்குப் புறப்பட்ட தகைவிலான் குருவியும் கொள்ளும் நட்பு குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. சிலையின் மாணிக்கமும் நீலக்கற்களும் பொன்னும் குருவியின் அலகுவழி ஏழைகளைச் சேர்கின்றன. ஈற்றில் குருவி குளிரில் மடிகிறது; சிலையின் ஈய இதயம் பிளக்கிறது. இதனைத் தியாகத்தின் கதையாக வாசிப்பதே பெருவழக்கு. அதன் முரண்நகையை அது எழுந்த காலத்தோடு பொருத்தி நோக்குவது இங்கு எமது முயற்சி.

மேலோட்டமாக நோக்குமிடத்து, எள்ளலுக்கு இலக்காவோர் நகரத்தின் பெரியோரே. அழகிழந்த சிலையாற் பயனில்லை எனப் பல்கலைக்கழகக் கலைப் பேராசிரியர் தீர்ப்பளிக்கிறார். உருக்கிய உலோகத்தில் தத்தம் சிலையையே வார்க்கவேண்டுமென நகரசபையினர் பூசலிடுகின்றனர். ஆயின், ஆழ்ந்த முரண்நகை கொடையைப் பெறுவோரிடத்திலேயே உள்ளது. மாணிக்கம் வந்து சேரும்போது தையற்காரி உறங்குகிறாள். நாடகாசிரியன் தனக்குக் கிடைத்த நீலக்கல்லை இரசிகர் ஒருவரின் பரிசெனக் கருதுகிறான். நெருப்புக்குச்சி விற்கும் சிறுமியோ தன் கையில் விழுந்த நீலக்கல்லை அழகிய கண்ணாடித் துண்டென எண்ணி, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள். கொடுத்தவர் யாரென்பதை எவரும் அறியார்.

இச்சிறுமி வெறுங் கற்பனையன்று. கிழக்கு இலண்டனின் போ பகுதியில் 1882இல் பிரதமர் கிளாட்ஸ்ரனுக்குச் சிலையொன்று எழுப்பப்பட்டது. அதனை அளித்தவர் பிரயன்ற் அன்ட் மே தீப்பெட்டி நிறுவனத்தின் தியோடர் பிரயன்ற். அச்சிலைக்காகத் தொழிலாளப் பெண்களின் கூலியிலிருந்து ஆளுக்கொரு ஷில்லிங் பிடிக்கப்பட்டதென 1888 ஜூன் 23இல் 'த லிங்க்' பத்திரிகையில் எழுதினார் அன்னி பெசன்ற். பின்னாளில் சென்னை அடையாற்றிலிருந்து பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. கதையில் சிலை சிறுமிக்குத் தன் கண்ணையே ஈந்தது. வரலாற்றிலோ சிலைக்காகச் சிறுமியர் தம் கூலியை இழந்தனர்.

கதை வெளிவந்து இரண்டு மாதங்கள் கழியுமுன், 1888 ஜூலையில், அத்தொழிற்சாலையின் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இரு வாரங்களளவில் தண்டப்பணமும் கூலிப்பிடிப்பும் நீக்கப்பட்டன. அவர்களுக்கெனத் தொழிற்சங்கமொன்றும் உருவாயிற்று. எவரது பொன்னும் வானிலிருந்து விழக் காத்திராமலே அவர்கள் இதனை ஈட்டினர்.

வைல்ட் இவ்வேலைநிறுத்தத்தை முன்னுணர்ந்தார் என நாம் கொள்ள வேண்டியதில்லை. எனினும், 1891இல் வெளியிட்ட 'சோஷலிசத்தின் கீழ் மனித ஆன்மா' என்னும் கட்டுரையில், ஈகை வறுமையைத் தீர்ப்பதில்லை, அதனை நீடிக்கவே செய்கிறது என்றும், வறுமை தோன்ற இடமற்ற சமுதாயத்தை அமைப்பதே உரிய குறிக்கோள் என்றும் அவர் வாதிட்டார். அந்நோக்கில் மீள வாசிக்கையில், கதையின் முடிவு புதுப்பொருள் பெறுகிறது. கடவுள் குருவியையும் ஈய இதயத்தையும் ஏற்றுக்கொள்கிறார். நகரமோ பழைய நகரசபையினர் கையிலேயே இருக்கிறது. நட்பின் தூய்மையைக் கதை ஐயுறவில்லை. அத்தூய்மை மட்டும் போதுமா என்பதையே வினவுகிறது. அவ்வினாவுக்கான விடையைத் தேடத் தொடங்கியவர்கள் போ பகுதித் தொழிற்சாலைப் பெண்களே எனலாம்.