சுழலிக்குள் ஓடிய காற்று

சுழல் இயந்திரத்தின் கதையை எழுதுவோர் பெரும்பாலும் ஃபீலிக்ஸ் வாங்கெலில் தொடங்கி மஸ்டாவில் முடித்துவிடுவர். பொறியியற் பட்டம் எதுவும் பெறாத அந்த ஜேர்மானியரின் இயந்திரம் 1957 பெப்ரவரியில் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் முதன்முறையாக ஓடியதும், 1967இல் ஜப்பானியர் அதனைக் காரில் பொருத்தி விற்றதும் பலரும் அறிந்தவையே. இவ்விரண்டுக்கும் அப்பால் இங்கிலாந்தில் ஒரு கிளைக்கதை உண்டு. என்னை அதிகம் ஈர்த்தது அதுதான். அது வெப்பத்தைப் பற்றிய கதை.

சாதாரண இயந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. வாங்கெல் இயந்திரத்தில் முக்கோண வடிவான சுழலி ஒன்று, இடை சற்றே ஒடுங்கிய கூட்டுக்குள் சுற்றுகிறது. அதன் மூன்று முகங்களும் மாறிமாறித் தீயைச் சந்திக்கின்றன. கூட்டின் வெளிப்புறத்தைக் குளிர்விப்பது எளிது. நீரைச் சுற்றி ஓடவிடலாம், தகட்டுச் செட்டைகள் அமைத்துக் காற்றுப்பட விடலாம். உள்ளே இருக்கும் சுழலியின் நிலை வேறு. மூடிய சட்டிக்குள் அகப்பட்ட அகப்பையைப் போல, நான்கு புறமும் சூடு. வெளியேறும் வழி இல்லை. அந்தச் சூடு நடுவிலுள்ள தாங்கிக்கு இறங்கினால் உராய்வெண்ணெய் கருகும், தாங்கி இறுகும்.

என்.எஸ்.யூ.வும் மஸ்டாவும் இதற்குக் கண்ட விடை, சுழலியின் வயிற்றுக்குள் ஒயிலைப் பாய்ச்சுவது. விடை சரியானதே. ஆனால் அதற்கு ஒயில் பம்பி வேண்டும், ஒயிலைக் குளிர்விக்கும் கலன் வேண்டும், சுழலியின் பக்கங்களில் ஒயில் கசியாதிருக்க வளையங்கள் வேண்டும். காருக்கு அது பாரமன்று. மோட்டார் சைக்கிளுக்குப் பாரம். 1974இல் வெளிவந்த சுசுகி ஆர்.ஈ.5, நீருக்கு ஓர் ஏற்பாடு, ஒயிலுக்கு மற்றோர் ஏற்பாடு என்று குழாய்களைச் சுமந்து திரிந்து, சில ஆண்டுகளிலேயே சந்தையை விட்டகன்றது.

ஜேர்மனியின் ஃபிக்டல் அன்ட் சாக்ஸ் நிறுவனம் வேறு வழியில் சென்றது. இயந்திரம் எப்படியும் காற்றை உறிஞ்சத்தான் போகிறது. அதைச் சுழலியின் ஊடாகவே உறிஞ்சினால் என்ன? எரிபொருள் கலந்த காற்று சுழலியின் குழிகளூடாகச் சென்று, அதனைக் குளிரச் செய்தபின் எரியறைக்குள் போயிற்று. பம்பி இல்லை, கலன் இல்லை. பனிச்சறுக்கு வண்டிகளிலும் ஹெர்க்குலிஸ் மோட்டார் சைக்கிளிலும் இந்த இயந்திரம் ஓடியது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. சூடான காற்று ஐதானது. 27 பாகை செல்சியஸிலிருந்து 87 பாகைக்கு அது சூடேறினால், அதே கொள்ளளவுக்குள் அடங்கும் காற்றின் அளவில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றுக் குறைந்தால் வலுவும் குறையும். சுழலியைக் காப்பாற்றுவதற்காக இயந்திரத்தின் மூச்சைப் பிடிப்பதற்கு ஒப்பானது இது.

பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பொறியியலாளர் டேவிட் கார்சைட் 1960களின் இறுதியில் இந்தச் சாக்ஸ் இயந்திரமொன்றை மோட்டார் சைக்கிள் சட்டகத்தில் பொருத்தி ஆராயத் தொடங்கினார். 1973இல் பி.எஸ்.ஏ. சரிந்தது, பிரித்தானிய மோட்டார் சைக்கிள் தொழிலே அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. கார்சைட்டின் வேலை மட்டும் நோர்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ஃப் என்ற புதிய கூரையின் கீழ் தப்பிப் பிழைத்தது. அவர் செய்த மாற்றம் எளிமையானது. எரிபொருள் கலக்காத வெறுங்காற்றை முதலில் இரு சுழலிகளூடாகவும் செலுத்தினார். சூடேறி வந்த காற்றை ஒரு பெரிய அறைக்குள் விட்டு ஆறவைத்தார். அதன்பிறகே காபரேற்றருக்கு அனுப்பினார். அந்த அறைக்குத் தனி இடம் தேடவில்லை. தகட்டாலான வாகனச் சட்டகத்தின் உட்புறமே அறையாயிற்று. எலும்புக்கூட்டையே நுரையீரலாக்கிய இந்த யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்த 588 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பிரித்தானியப் பொலிஸாரின் வாகனங்களில் ஓடியது. 1987இல் நோர்ட்டன் கிளாசிக் என்ற பெயரில் 100 வாகனங்கள் பொதுமக்களுக்கென உற்பத்தியாயின. வலு ஏறத்தாழ 79 குதிரைவலு. ஆறவைத்தபோதிலும் எரியறைக்குச் சென்ற காற்று வெளிக்காற்றைவிடச் சூடாகவே இருந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் நோர்ட்டனில் பணியாற்றிய பிரையன் கிரைட்டன். பந்தயத்துக்கான இயந்திரத்தில் அவர் இரண்டு காற்றையும் பிரித்துவிட்டார். எரியறைக்குக் குளிர்ந்த காற்று நேரே போயிற்று. சுழலிக்கான காற்றை இழுக்கும் வேலை, பெரும் விசையுடன் வெளியேறும் புகைக்கு ஒப்படைக்கப்பட்டது. கழிவாகப் போகும் வேகமே இழுவிசையாயிற்று. வலு 130ஐத் தாண்டியது. 1992 ஜூனில் மான் தீவின் ஸீனியர் ரி.ரி. பந்தயத்தில் ஸ்டீவ் ஹிஸ்லொப் வெள்ளை நிற நோர்ட்டனில் வந்து, யமஹாவில் ஓடிய கார்ல் ஃபொகாட்டியை 4.4 செக்கன்களால் வென்றார். 226 மைல் ஓட்டத்தில் அவ்வளவுதான் இடைவெளி. ஸீனியர் பந்தயத்தில் 1961இல் மைக் ஹெய்ல்வூட் வென்றபின் நோர்ட்டனுக்கு அதுவே முதல் வெற்றி.

வெற்றி நோர்ட்டனைக் காப்பாற்றவில்லை. இயந்திரமோ வேறு வானம் தேடிப் போயிற்று. பாரம் குறைவு, அதிர்வு குறைவு, ஒயில் கலன் தேவையில்லை. ஆளில்லா விமானத்துக்கு வேண்டியவை இவையே. நோர்ட்டனின் வானூர்தி இயந்திரப் பணி, லிச்ஃபீல்ட் நகருக்கு அருகே ஷென்ஸ்ரன் என்ற ஊரிலுள்ள யூ.ஏ.வி. என்ஜின்ஸ் நிறுவனத்திடம் சென்றது. அமெரிக்க இராணுவத்தின் ஷாடோ, இஸ்ரேலின் ஹெர்மீஸ் 450 ஆகிய வேவு விமானங்கள் அங்கு உருவான சுழல் இயந்திரங்களால் பறந்தன. பின்னர் அந்நிறுவனம் இஸ்ரேலின் எல்பிட் குழுமத்துக்கே சொந்தமாயிற்று.

கார்சைட்டின் ஆய்வு அங்கு நின்றுவிடவில்லை. சுழலியின் பக்க அடைப்புகளைத் தாண்டிக் கசியும் வாயுவையே உள்ளே அழுத்தத்தில் தேக்கி, குளிர்விப்பானூடாகச் சுற்றிவர வைக்கும் முறையைப் பிற்காலத்தில் வகுத்தார். அழுத்தம் கூடினால் வாயு அடர்த்தியாகும்; அடர்ந்த வாயு அதிக வெப்பத்தைச் சுமக்கும். கசிவு என்ற குறையே இங்கு கருவியாகிறது.

தலைக்குமேல் சுற்றிய ஆளில்லா விமானத்தை வன்னி மக்கள் 'வண்டு' என்று அழைத்த நாட்டவன் நான். ஆகவே ஷென்ஸ்ரன் கதையை வெறும் பொறியியலாக வாசிக்க என்னால் முடிவதில்லை. 2014 ஓகஸ்ட்டில், காஸா மீது குண்டுகள் வீழ்ந்துகொண்டிருந்த நாட்களில், பலஸ்தீன ஆதரவாளர்கள் ஒன்பது பேர் அந்தத் தொழிற்சாலையின் கூரைமீது ஏறி அமர்ந்தனர். இரு நாட்கள் வேலை நின்றது. கைதாகிய அவர்கள்மீதான வழக்கு, விசாரணை தொடங்குமுன்பே கைவிடப்பட்டது.