கருமை எங்கிருந்து வந்தது?

தெருவோரத்தில் நாயொன்று ஈன்ற குட்டிகளைக் காண்கிறோம். ஒன்று கருப்பு, மற்றொன்று செம்மை, பிறிதொன்று வெண்மை. ஒரே வயிற்றில் ஏன் இத்தனை வண்ணம்? "ஆண்டவன் தீட்டிய ஓவியம்" என்பார் பழமைவாதி. அந்த விடையோடு அமைதி கொண்டிருந்தால், அறிவு ஓரடியும் நகர்ந்திராது!

அமைதி கொள்ளாதவர்களில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி கிளாரன்ஸ் குக் லிட்டில். தாய், தந்தை, குட்டி என நிறங்களைக் கணக்கெடுத்து, நாய்களின் நிற மரபு பற்றி 1957இல் நூலொன்று வெளியிட்டார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதி, நாயின் மயிரிலும் செயற்படுவதை அந்நூல் விளக்கிற்று. நெடுங்காலம் அதுவே வழிகாட்டி. ஆயினும் அதில் ஒரு பிழை இருந்தது. பெரும்பாலான நாய்களின் கருமைக்கு 'அகூட்டி' எனும் மரபணுவே காரணம் எனக் கருதினார் லிட்டில்.

பேராசான் சொல்லிவிட்டார், இனிப் பேச்சென்ன என்று விஞ்ஞானம் வாய்பொத்தி நின்றதா? இல்லை!

உயிரணுவினுள் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்டதோர் ஏடு இருக்கிறது. அதை எழுத்தெழுத்தாகப் படிப்பதே மரபணுத்தொகை வரிசையறிதல். தாஷா எனும் பாக்சர் இனப் பெண்நாயின் ஏட்டைப் படித்து 2005இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள்! 2007இல் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தின் கிரெகரி பார்ஷ் குழுவினர், கருநாய்களின் எழுத்துகளைப் பிறநிற நாய்களின் எழுத்துகளோடு ஒப்பிட்டு உண்மையை வெளியிட்டனர். கருமையின் இருப்பிடம் வேறொரு மரபணு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் 'பீட்டா டிஃபென்சின்' எனும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் மூன்றே எழுத்துகள் விடுபட்டிருந்தன. 240 கோடியில் மூன்று!

லிட்டிலின் பெருமை இதனால் குன்றியதா? இல்லை, அவர் தொடங்கிய வினாவையே பின்வந்தோர் முடித்துவைத்தனர். திருத்தத்திற்கு அஞ்சாததே அறிவுநூல்.

கதை அத்துடன் முடியவில்லை. வட அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காடுகளில் கரிய ஓநாய்கள் உலவுகின்றன. ஓநாய் வழியில் வந்தது நாய். ஆகவே கருமையும் ஓநாய் தந்த கொடை என்றே எவரும் எண்ணுவர். 2009இல் வெளிவந்த ஆராய்ச்சி அவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கிற்று. கலப்பினால் நாயிடமிருந்தே ஓநாய்க்குக் கருமை சென்றதாம்! 2021இல் மற்றொரு வியப்பு: நாய்கள் சிலவற்றின் வெளிர்மஞ்சள் நிறம், 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஓநாய்க் கிளையிலிருந்து பிரிந்து, பின்னர் அழிந்துபோன ஒரு விலங்கு விட்டுச் சென்ற எச்சம்.

1873இல் இலண்டனில் கென்னல் சங்கம் கண்டனர் சீமான்கள். நாய்க்கும் வம்சாவளிப் பதிவேடு வைத்தனர். "தூய இனம்" என்று முத்திரை குத்தினர். தூய்மைக்கு அடையாளமென அவர்கள் போற்றிய நிறங்களிலேயே கலப்பின் கதை மறைந்திருந்தது!

பதிவேடு சொல்வது சில தலைமுறைக் கதை. உயிரணு சொல்வதோ இலட்சக்கணக்கான ஆண்டுகளின் கதை. "தூய்மை" என்று தாளில் எழுதியவன் மனிதன். "கலப்பு" என்று உடலில் எழுதியது இயற்கை. எந்த ஏட்டை நம்புவது? இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள்!