மொத்த இலாப விகிதம் (ஹோட்டல் தொழில்)

விற்பனை வருவாயிலிருந்து விற்ற பொருளின் நேரடிச் செலவைக் கழித்தபின் எஞ்சும் தொகை மொத்த இலாபம். அது வருவாயில் எத்தனை விழுக்காடு என்பதே மொத்த இலாப விகிதம். வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் ஜிஎஸ்டி வருவாயில் சேராது.

உணவுப் பிரிவில் இக்கணக்கு எளிது. வரி நீங்கலாக 80 ரூபாய்க்கு விற்கும் மசால் தோசைக்கு மாவு, எண்ணெய், உருளைக்கிழங்கு, சாம்பார், சட்னி எல்லாம் சேர்த்து 28 ரூபாய் ஆகிறது என்று கொண்டால், மொத்த இலாபம் 52 ரூபாய். விகிதம் 65 விழுக்காடு. மாஸ்டர் சம்பளம், கேஸ், வாடகை ஆகியவற்றை இந்த 52 ரூபாயிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆகவே இது நிகர இலாபம் அன்று. காய்கறி விலையேற்றம், வீணாகும் உணவு, அளவு மீறிப் பரிமாறுதல், திருட்டு ஆகியவை விகிதத்தைக் குறைக்கின்றன.

தங்கும் அறைகளுக்குச் சரக்குச் செலவு மிகக் குறைவு. அங்கே ஊழியர் சம்பளம், சலவை, சோப்பு, முன்பதிவுத் தளங்களின் கமிஷன் ஆகியவற்றைக் கழித்துப் பிரிவு இலாபம் கணக்கிடப்படுகிறது. இதன் விகிதம் பொதுவாக உணவுப் பிரிவினுடையதை விட உயர்ந்தது.

1926இல் நியூயார்க் நகர ஹோட்டல் சங்கம் வெளியிட்ட சீரான கணக்கு முறையின் திருத்திய பதிப்புகள் இன்றும் பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றன. இம்முறையில், எல்லாப் பிரிவுகளின் இலாபத்திலிருந்து நிர்வாகம், விளம்பரம், பராமரிப்பு, மின்சாரம் போன்ற பொதுச் செலவுகளைக் கழித்தால் மொத்த இயக்க இலாபம் கிடைக்கும். மேலாண்மைக் கட்டணம், கட்டட வாடகை, காப்பீடு, சொத்து வரி, வட்டி ஆகியவை அதன் பிறகே கழிக்கப்படும். ஹோட்டலை நடத்தித் தரும் நிறுவனத்துக்கான ஊக்கக் கட்டணம் பெரும்பாலும் மொத்த இயக்க இலாபத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. அளவில் வேறுபட்ட ஹோட்டல்களை ஒப்பிட, அந்த இலாபத்தை விற்பனைக்குள்ள அறைகளின் எண்ணிக்கையால் வகுப்பது வழக்கம்.