ஒரு பீப்பாவும் மூன்று தொன்களும்

ஆங்கிலத்திலே ‘டன்’ என ஒலிக்கும் அளவைச் சொற்கள் மூன்று உள. நடுவில் ‘யூ’ என்னும் எழுத்தைப் பெற்று வருவது மது நிரப்பும் பெரும் பீப்பாவைக் குறிக்கும். ‘ஓ’ பெற்று வருவது பிரித்தானியரும் அமெரிக்கரும் வழங்கிய நிறையளவை. அதனோடு ‘என்’ இரட்டித்து ஈற்றில் ‘ஈ’ பெற்று வருவது 1,000 கிலோகிராம் கொண்ட மெற்றிக் அளவை. எழுத்தால் வேறுபட்டு ஒலியால் ஒன்றுபடும் இம்மூன்றும் பீப்பாவைக் குறித்த ஒரே பழஞ்சொல்லின் வழிவந்தவை என்பது நோக்கற்பாலது.

மத்திய காலத்தில் பிரான்சின் போர்தோத் துறையிலிருந்து இங்கிலாந்துக்குப் பெருந்தொகையான திராட்சை மது ஏற்றப்பட்டது. பெரும் பீப்பா ஒன்று 252 மதுக்கலன் கொண்டது. ஒரு கப்பல் எத்தனை பீப்பாக்களை ஏற்றும் என்பதைக் கொண்டே அதன் பருமன் மதிக்கப்பட்டது. அத்தகைய பீப்பாவிலுள்ள மதுவின் நிறை ஏறத்தாழ 2,100 இறாத்தலாகும். கொள்ளளவைக் குறித்த சொல் நிறையைக் குறிக்கலானமை இதனால் விளங்கும்.

இப்பீப்பா அரசியலிலும் இடம்பெற்றது. இறக்குமதியாகும் மதுவின் ஒவ்வொரு பீப்பாவுக்கும் விதிக்கப்பட்ட வரியை மன்னருக்கு ஆயுட்காலம் முழுவதற்கும் வழங்குவது வழக்கமாயிருந்தது. 1625இல் முதலாம் சாள்ஸ் மன்னனுக்கு அதனை ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப் பொதுமக்கள் சபை முன்வந்தது. மன்னன் சபையின் இசைவின்றியே வரியை அறவிட்டான். 1629இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டமைக்கு இப்பிணக்கும் ஒரு காரணமாயிற்று.

நிறையளவையும் ஒன்றாய் நிலைக்கவில்லை. பிரித்தானியாவில் 112 இறாத்தல் கொண்ட அந்தர் இருபது சேர்ந்து 2,240 இறாத்தலாயிற்று. அமெரிக்கர் அந்தரை 100 இறாத்தலாகக் கொண்டமையால் அவர்தம் தொன் 2,000 இறாத்தலே. இவற்றிடையே, 1854ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம் 100 கன அடியை ஒரு பதிவுத் தொன்னாகக் கொண்டது. அது நிறையன்று, இடவளவு.

இம்மயக்கம் எத்துணைப் பாரதூரமானது என்பதை 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கை காட்டும். பெரும் போர்க்கப்பல் ஒன்றின் பெயர்ச்சி நிறை 35,000 தொன்னுக்கு மேற்படலாகாது என வல்லரசுகள் அதில் இணங்கின. பிரான்சும் இத்தாலியும் மெற்றிக் தொன்னில் கணக்கிடும் நாடுகள். பிரித்தானியத் தொன் ஒன்று ஏறத்தாழ 1,016 கிலோகிராம் ஆதலின், பொருள் வரையறுக்கப்படாவிடின் ஒரு கப்பலுக்கே 560 மெற்றிக் தொன் வேறுபாடு நேர்ந்திருக்கும். ஆகவே, தொன் என்பது 2,240 இறாத்தலையே குறிக்குமென உடன்படிக்கையிலேயே எழுதி வைத்தனர்.

இலங்கைக்கும் இவ்வரலாறு புறம்பானதன்று. குடியேற்ற ஆட்சிக்கால ஏற்றுமதிக் கணக்குகள் அந்தரிலும் பிரித்தானியத் தொன்னிலும் அமைந்தன. 1970களிலோ நாடு மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆங்கிலத்தில் எழுத்தாவது இரு அளவைகளையும் பிரித்துக் காட்டும். தமிழிலோ இரண்டும் ‘தொன்’ என்றே எழுதப்படுகின்றன. ‘மெற்றிக்’ என்னும் அடைமொழி விடுபடின் வேறுபாடு முற்றாக மறைந்துவிடும். பழைய கணக்கிலுள்ள 1,00,000 தொன்னை அவ்வாறே மெற்றிக் தொன்னெனக் கொள்வோர், ஏறத்தாழ 1,600 மெற்றிக் தொன்னைத் தம்மையறியாமலே இழந்துவிடுவர். எனவே, பொருளாதார வரலாறு எழுதப் புகுவோர், எண்ணை எடுத்தாளுமுன் அவ்வெண்ணுக்குரிய தொன் எதுவெனத் துணிதல் இன்றியமையாததாகும்.