தூசியின் இரு பாதிகள்: நிலக்கரித் தொழிலாளரின் நுரையீரல் நோயும் சட்டத்தின் அளவுகோலும்

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் நுரையீரல் கறுத்துக் கிடந்ததை 1831ஆம் ஆண்டில் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் கிராஃபர்ட் கிரெகரி பதிவு செய்தார். காரணமும் தெரியும், தடுக்கும் வழியும் தெரியும் என்று சொல்லத்தக்க தொழில்நோய்கள் சில; அவற்றுள் இது முதன்மையானது. ஆயினும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இது ஒழியவில்லை. ஒழிந்துவிட்டதாக நம்பப்பட்ட நாடுகளிலேயே மறுபடி தலைதூக்கியிருக்கிறது. கருவிகளின் போதாமை என்று மட்டும் இதற்கு விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது. சுரங்கத் தூசி ஒரு கலவை; அதில் கரியும் உண்டு, கல்லும் உண்டு. சட்டம் ஒரு காலத்தில் கல்லை மட்டும் கணக்கில் எடுத்துக் கரியைக் கைவிட்டது. பிறிதொரு காலத்தில் மொத்த எடையை நிறுத்துப் பார்த்து, கல்லைக் கோட்டை விட்டது. நுரையீரலோ இரண்டையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தே கணக்கு வைக்கிறது. நோய் திரும்பி வந்ததற்கு வேர் இந்த இரு கணக்குகளுக்கும் இடையிலான வேறுபாட்டில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நுரையீரலில் நிகழ்வது

மூச்சோடு புகும் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்களே காற்றறைகள் வரை சென்று சேர்கின்றன. கண்ணில் படாத தூசிதான் ஆபத்தானது. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் அங்கே அவற்றை விழுங்கி அகற்ற முயல்கின்றன. உள்வரும் அளவு அகற்றும் திறனை விஞ்சும்போது, தூசி சுமந்த அணுக்கள் நுண் மூச்சுக்குழல்களைச் சுற்றித் தேங்குகின்றன. இவ்வாறு உண்டாகும் கரும்புள்ளியைச் சுற்றியுள்ள காற்றறைச் சுவர்கள் சிதைந்து விரிவடைகின்றன. கல்லிலுள்ள படிகச் சிலிக்கா கலந்திருந்தால் நிலைமை மோசமாகும். அது விழுங்கணுவையே கொன்று, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை வெளியேறச் செய்கிறது. செத்த அணுவிலிருந்து விடுபட்ட துகளை அடுத்த அணு விழுங்க, சுழற்சி நிற்காமல் தொடர்கிறது. முடிவில் நார்த்திசு படர்ந்து முடிச்சுகளாகிறது. முடிச்சுகள் ஒன்றுகூடி 1 செ.மீ.க்கு மேற்பட்ட திரளானால் அது முற்றிய நிலை. 'பெருந்திரள் நார்த்திசு நோய்' எனலாம்.

இதைக் கண்ணால் காண வழிசெய்தவர் கார்டிஃப் நோய்க்குறியியலாளர் ஜெத்ரோ கஃப். முழு நுரையீரலையும் மெல்லிய சீவலாக அறுத்துத் தாளில் ஒட்டிவைக்கும் முறையை அவரும் வென்ட்வொர்த்தும் 1949இல் வெளியிட்டனர். சுரங்கத் தொழிலாளரின் அத்தகைய தாள் ஒன்றில் சிறு கரும்புள்ளிகள் ஏறத்தாழச் சீரான இடைவெளியில் இறைந்து கிடக்கும். அவற்றை ஒட்டி ஊசிமுனை முதல் மிளகளவு வரை ஓட்டைகள் தெரியும். முற்றிய நோயாயின் மேல்மடலில் ரப்பர் போல் இறுகிய கரிய கட்டி, பக்கத்துத் திசுவைச் சுருக்கி இழுத்தபடி இருக்கும். கட்டியின் நடுப்பகுதி அழுகி மூச்சுக்குழலுக்குள் உடைந்தால் நோயாளி மை போன்ற கறுப்புச் சளியைத் துப்புவார்.

சட்டம் எங்கே தடுமாறுகிறது என்பதை அறிய இந்நோயின் மூன்று இயல்புகள் உதவும். முதலாவது, பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தூசியில் உழைத்த பிறகே பெரும்பாலும் அது வெளிப்படுகிறது. இரண்டாவது, தொடக்க நிலையில் இருமலோ மூச்சிரைப்போ இல்லாமலும் இருக்கலாம். மூச்சுத்திறன் சோதனையிலும் குறை தென்படாமல் போகலாம். மூன்றாவது, வேலையை விட்டு விலகிய பின்னும் அது முற்றக்கூடும். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை; இறுதிக் கட்டத்தில் நுரையீரல் மாற்று அறுவை ஒன்றே எஞ்சுகிறது.

தென் வேல்ஸ்: கரியைக் காணாத சட்டம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் நிலக்கரித் தூசி தீங்கற்றது என்பதே ஆளும் கருத்து. உடலியங்கியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் அதற்கு வலுச்சேர்த்தார். சுரங்கத் தொழிலாளரிடையே காசநோய் குறைவாகக் காணப்பட்டதால், கரித் தூசி காப்பாகவே இருக்கலாம் என்றும் எண்ணினர். எனவே இழப்பீட்டு விதிகள் சிலிக்காத் தூசியால் வரும் சிலிக்கோசிஸை மட்டும் ஏற்றன. சிலிக்கா செறிந்த பாறையில் வேலை செய்ததைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. விதிகள் பின்னர் தளர்ந்தன. ஆனாலும் நோயின் வரையறை சிலிக்காவைச் சுற்றியே நின்றது. கரிமுகப்பில் மட்டும் உழைத்து மூச்சுத்திணறியவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

இந்த வரையறையை உடைத்தவர்கள் சுரங்கத்துக்குள் இறங்காத தொழிலாளர்கள். துறைமுகங்களில் கப்பலின் அடித்தளத்துக்குள் கொட்டப்படும் கரியை மண்வெட்டியால் தள்ளிச் சமப்படுத்துவது அவர்கள் வேலை. பாறையைத் துளைப்பதற்கும் அவர்களுக்கும் தொடர்பே கிடையாது. அவர்களுடைய நுரையீரலிலும் அதே புள்ளிகளும் திரள்களும் இருந்ததைக் கஃப் 1940இல் வெளியிட்டார். மருத்துவ ஆய்வு மன்றத்துக்காக டார்சி ஹார்ட்டும் அஸ்லெட்டும் தென் வேல்ஸ் சுரங்கங்களில் நடத்திய ஆய்வின் அறிக்கை 1942இல் வந்தது. மறு ஆண்டே இழப்பீட்டு விதி விரிந்து, 'நிலக்கரித் தொழிலாளர் நிமோகோனியோசிஸ்' சட்டத்தில் இடம்பெற்றது. நோய் அந்த ஆண்டு பிறந்ததன்று. அதைப் பார்க்கும் கண் அந்த ஆண்டு திறந்தது.

அப்பலாச்சியா: கல்லைக் காணாத எடை

அமெரிக்காவின் கதை இதன் மறுபக்கம். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டனர். அடுத்த பிப்ரவரியில் அம்மாநிலத் தொழிலாளர் சுமார் 40,000 பேர், கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். ஆண்டு முடிவதற்குள் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மூச்சில் புகும் தூசிக்கு முதலில் ஒரு கனமீட்டர் காற்றில் 3 மில்லிகிராம், பின்னர் 2 மில்லிகிராம் என எல்லை வகுத்தது. பலன் கண்கூடு: 25 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தோரிடையே 1970களின் தொடக்கத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்த நோய், 1990களின் இறுதியில் 5 விழுக்காட்டளவுக்கு இறங்கியது.

அதன் பிறகு கோடு மேலே திரும்பியது. 2018இல் வெளியான தேசியக் கணக்கில் அதே பிரிவினரிடையே நோய் 10 விழுக்காட்டைக் கடந்திருந்தது. கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா அடங்கிய நடு அப்பலாச்சியாவில் ஐவரில் ஒருவருக்கு இருந்தது. அதே ஆண்டில், தென்மேற்கு வர்ஜீனியாவின் மூன்று மருத்துவ மையங்களில் மட்டும் 2013 முதல் 2017 பிப்ரவரி வரை முற்றிய நோயாளிகள் 416 பேர் இனங்காணப்பட்டது வெளிவந்தது.

காரணத்தைப் பாறையில் தேட வேண்டும். தடித்த படுகைகள் தீர்ந்தபின் மெல்லிய படுகைகளை வெட்ட வேண்டியதாயிற்று. ஆற்றல்மிக்க வெட்டுப்பொறி கரியோடு மேலும் கீழும் உள்ள பாறையையும் சேர்த்தே அரைக்கிறது. தூசியின் எடை எல்லைக்குள் இருக்க, அதன் தன்மை மாறிவிட்டது. தூசியில் குவார்ட்ஸ் எனும் படிகச் சிலிக்கா 5 விழுக்காட்டைத் தாண்டினால் 10ஐ அந்த விழுக்காட்டால் வகுத்துத் தூசி எல்லையைக் குறைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 10 விழுக்காடு குவார்ட்ஸ் எனில் எல்லை 1 மில்லிகிராம். எந்த விகிதத்தில் கணக்கிட்டாலும் சிலிக்கா 100 மைக்ரோகிராம் வரை அனுமதி என்பதே இதன் பொருள். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1974இலேயே பரிந்துரைத்ததோ 50 மைக்ரோகிராம். மேலும், சிலிக்கா மீறலுக்கென்று நேரடித் தண்டனை இல்லை. முந்தைய மாதிரியை வைத்துப் பிந்தைய எல்லையைக் குறைப்பதோடு சரி.

பழைய நுரையீரல்களும் புதிய நுரையீரல்களும் இதற்குச் சான்று சொல்கின்றன. 1910–1930இல் பிறந்த தொழிலாளரின் முற்றிய நோய்த் திசுக்களையும் 1930க்குப் பின் பிறந்தோரின் திசுக்களையும் ராபர்ட் கோஹனும் குழுவினரும் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டனர். சிலிக்கா வகைத் திரள் முன்னவரிடம் 18 விழுக்காடு, பின்னவரிடம் 57 விழுக்காடு. 2016இல் தூசி எல்லை 1.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. சிலிக்காவுக்குத் தனியாக 50 மைக்ரோகிராம் என்ற விதி 2024இல்தான் வந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில், 2025 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பரிந்துரைக்கும் விதிக்கும் இடையில் ஓடியது அரை நூற்றாண்டு.

குயின்ஸ்லாந்து: படம் இருந்தும் காணாமை

அளவு சரியாக இருந்தாலும் போதாது என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. குயின்ஸ்லாந்தில் இந்நோய் முப்பது ஆண்டுகளாக இல்லை என்றே நம்பியிருந்தனர். 2015இல் மீண்டும் கண்டறியப்பட்டது. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மீளாய்வு, ஏற்கெனவே எடுக்கப்பட்ட 248 எக்ஸ்-கதிர்ப் படங்களை மறுபடி வாசித்தபோது 18இல் நோய்க்குறிகள் இருந்தன. முதலில் வாசித்தவர்கள் கண்டுகொண்டவை அவற்றுள் 2 மட்டுமே. படம் எடுக்கப்பட்டிருந்தது; பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தரமுறைப்படி அதை வாசிக்கப் பயின்ற கண்தான் இல்லை.

இரண்டு மறுப்புகள்

சுரங்கத் தொழிலாளரின் மூச்சுத்திணறலுக்குப் புகைபிடித்தலே காரணம் என்பது பழைய மறுப்பு. நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கும் காற்றறைச் சிதைவுக்கும் புகையிலை காரணம்தான். ஆனால் புகைக்காத சுரங்கத் தொழிலாளரிடமும் அவை தூசியின் அளவையொட்டி ஏறுகின்றன. புகைப்போரிடம் இரு கேடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கூடுகின்றன. நார்த்திசுத் திரளையோ புகையிலை உண்டாக்குவதே இல்லை.

இரண்டாம் மறுப்பு கவனத்துக்குரியது: நோய் கூடவில்லை, தேடுவது கூடியிருக்கிறது என்பது. அமெரிக்கக் கண்காணிப்பில் சேர்வது பெரும்பாலும் தொழிலாளரின் விருப்பம். மூன்றில் ஒரு பங்கினர் அளவே சேர்ந்தனர். நோய் தெரிந்தால் வேலை போகும் என்று அஞ்சியோர் ஒதுங்கினர். வேலையை விட்டவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அந்த 416 பேரும் தெரியவந்தது தேசியக் கண்காணிப்பின் வழியே அன்று. மருத்துவ மையங்களின் பதிவேடுகளில் தென்பட்டவர்கள். தேடல் குறைவால் நோய் மறைந்திருந்தது என்றால், குறைந்த எண்ணிக்கையைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டும் வாதமும் சேர்ந்தே விழுகிறது. மேலும் திசுவின் தன்மை மாறியிருப்பதைத் தேடலின் பெருக்கத்தால் விளக்கிவிட முடியாது.

இந்தியாவுக்கான பாடம்

இந்தியாவில் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அறிவிக்கைக்குரிய தொழில்நோய்களுக்கு இடமளித்தது. நிலக்கரித் தொழிலாளர் நிமோகோனியோசிஸ் தொடக்க காலந்தொட்டே அப்பட்டியலில் இருந்தது. சிலிக்கா விகிதம் ஏறினால் தூசி எல்லையை வகுத்துக் குறைக்கும் முறையும் உண்டு. அப்பலாச்சியாவில் தோற்ற அதே முறைதான் அது.

இங்கே நிலக்கரியின் பெரும்பங்கு திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருவதால் ஆபத்து குறைவு என்பது பரவலான எண்ணம். ஆனால் 2010–2011இல் அமெரிக்காவில் திறந்தவெளிச் சுரங்கத் தொழிலாளர் 2,257 பேரைச் சோதித்தபோது 46 பேருக்கு நோய் இருந்தது. அவர்களுள் 37 பேர் நிலத்தடியில் ஒருநாளும் வேலை செய்யாதவர்கள். கரியை மூடிய பாறையைத் துளைப்பவர் சுவாசிப்பது பெரும்பாலும் கல்தூசிதான். கரியை ஏற்றி இறக்கும் துறைமுகத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். நகரத்துத் தூசி மாசையொட்டி, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2011இல் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரிப் பணி எண்ணூருக்கு மாறியது. தூசி இடம் மாறியது. அதைக் கையாளும் தொழிலாளரின் நுரையீரல் கேள்வி மாறவில்லை. கார்டிஃபில் கஃப் கண்டதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை நான்கு. சிலிக்காவுக்குத் தூசி எடையோடு பிணைக்காத தனி எல்லை வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் துறைமுகத் தொழிலாளரையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்தபின்னும் மருத்துவச் சோதனை தொடர வேண்டும். படங்களைப் பயின்ற இருவர் தனித்தனியே வாசிக்க வேண்டும். வாசிப்பவர் சுரங்க நிர்வாகத்தின் ஊதியத்தில் இருக்கக் கூடாது. இவை நிறைவேறும்வரை, நோயாளிகள் சிலரே எனக் காட்டும் எந்தப் புள்ளிவிவரத்தையும் சுரங்கம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாக ஏற்க இயலாது.